ரேடியோவுக்குப் பிறந்த பிளக் பாயிண்ட்

ஐடிஐ முடித்துவிட்டு என்னிடம் வேலை பழக வருகிற பையனுக்கு முதலில் புது வீட்டு வயரிங் கொடுப்பதில்லை. புது வீட்டில் எல்லாம் குழாய்க்குள் ஒழுங்காக ஓடும். அங்கே தப்புச் செய்யவும் தெரியாது, தப்பைக் கண்டுபிடிக்கவும் தெரியாது. நன்னிலத்தைச் சுற்றி அச்சுதமங்கலம், சன்னாநல்லூர், பூந்தோட்டம் பக்கமெல்லாம் ரேழியும் முற்றமும் கூடமுமாக ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. அதில் ஒன்றுக்குப் போய் ஒரே ஒரு பிளக் பாயிண்டை மாற்றிவிட்டு வா என்று அனுப்புவேன். அரை மணி நேர வேலை என்று நினைத்துக் கிளம்புவான். சாயங்காலம் வரை திரும்ப மாட்டான்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்த பிளக் பாயிண்ட் எதற்காகச் சுவருக்கு வந்தது என்று தெரிய வேண்டும். மேட்டூர் அணை 1934-ல், அங்கே மின்நிலையம் 1937-ல். மின்சார வாரியம் அமைந்தது 1957-ல். நம் பக்கத்துக் கிராமத்து வீடுகளுக்குக் கரண்ட் வந்தது விளக்குக்காகத்தான். கூடத்தில் ஒரு பல்பு, அடுக்களையில் ஒன்று, திண்ணையில் ஒன்று. அதற்கு மேல் வசதியிருந்தால் வால்வு ரேடியோ. அது தலை உயரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்தில், பல்புக்குப் போகிற ஒயரிலிருந்தே லூப் எடுத்து, இரண்டு துளை உள்ள ஒரு பீங்கான் சாக்கெட் வைத்தார்கள். எர்த்து கிடையாது. ரேடியோவுக்கு அது போதும். இன்றைக்கு அதே துளையில் கிரைண்டரையும் இன்டக்‌ஷன் அடுப்பையும் சொருகப் பார்க்கிறார்கள். மாற்றப் போகிறவன் நீ. ஆகவே தம்பி, கேட்டுக்கொள்.

1. திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் கேள்: "இதில் என்ன சொருகப் போறீங்க?"

செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன் என்றால் கவலையில்லை. 2011-ல் அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது நினைவிருக்கும். மூன்று பின் டாப்போடு கிரைண்டர் வந்து இறங்கிய வீடுகளில் பாதியில் மூன்று துளை சாக்கெட்டே இல்லை. கன்வெர்ட்டர் வாங்கிச் சொருகினார்கள். சிலர் எர்த்துப் பின்னையே அறுத்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் பல இடத்தில் உன்னைக் கூப்பிடுவார்கள்.

கணக்குச் சின்னதுதான். வாட்ஸை 230-ஆல் வகு. ஆயிரம் வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி நாலரை ஆம்பியருக்குள் இழுக்கும். இரண்டாயிரம் வாட்ஸ் இன்டக்‌ஷன் அடுப்போ கீசரோ ஒன்பது ஆம்பியருக்குப் பக்கம் வரும். பழைய வீட்டில் பல்புக்கு இழுத்தது பெரும்பாலும் ஒன்று பதினெட்டு ஒயர், இல்லையென்றால் மூன்று இருபத்திரண்டு. இரண்டுமே இன்றைய கணக்கில் 1.2 சதுர மில்லிமீட்டர்தான். 16 ஆம்பியர் பவர் பிளக் வைக்க வேண்டுமானால் குறைந்தது 2.5 ஒயர், கீசர், ஏசி என்றால் 4, மெயின் போர்டிலிருந்து தனியாக வர வேண்டும். "பெரிய சாக்கெட்டா ஒண்ணு போட்டுடுங்க தம்பி" என்பார்கள். பல்பு ஒயர்மேல் பவர் பிளக் வைத்தால் சாக்கெட் சூடாகாது. பரணுக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாத ஜாயிண்ட் ஒன்று சூடாகும். அங்கே தேக்குப் பலகையும் அறுபது வருஷத்துத் தூசியும் இருக்கின்றன.

முடியாது என்று சொல்லப் பழகு. வேலை போனால் போகட்டும்.

2. பல்பு எரியவில்லை என்பதால் கரண்ட் போய்விட்டது என்று நம்பாதே.

எனக்கு இருபத்தோரு வயது. ஒரு வீட்டில் கூடத்து பிளக்கில் கரண்ட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். பல்பு எரியவில்லை, ஃபேன் ஓடவில்லை, ஒன்றுமில்லை. செத்த லைன்தானே என்று மெயினைத் தொடாமல் சாக்கெட்டைக் கழற்றினேன். என் தொழில் குரு அப்போது திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பெட்டியோடு ஓடி வந்தார். முழங்கை வரை மரத்துப்போய்க் கிடந்தேன்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து மெயின் போர்டில் இரண்டு பீங்கான் ஃபியூஸ் இருக்கும். ஒன்று பேஸுக்கு, ஒன்று நியூட்ரலுக்கு. நியூட்ரலில் ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று 1956-ம் வருஷத்து மின்சார விதிகளே சொல்லிவிட்டன; ஆனால் சுவரில் ஏற்கெனவே இருந்ததை யாரும் போய்க் கழற்றவில்லை. நியூட்ரல் ஃபியூஸ் எரிந்துபோனால் வீடு முழுக்க இருட்டாகிவிடும், ஆனால் பேஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, ஆன் செய்து வைத்திருக்கிற பல்பு வழியாக அது நியூட்ரல் ஒயருக்கும் வந்துவிடும். சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் முதல் சந்தேகம் நியூட்ரல் அறுந்ததுதான். இப்படிப்பட்ட போர்டைப் பார்த்தால் பிளக் பாயிண்டை அப்புறம் பார்க்கலாம்; அந்த நியூட்ரல் ஃபியூஸை எடுத்துவிட்டுப் பித்தளை லிங்க் போடச் சொல். எது நியூட்ரல் என்று உறுதி செய்துகொள்ள டெஸ்ட் பல்பு வேண்டும். முன்னால் வந்தவன் மாற்றிக்கொடுத்திருப்பான்.

சுவிட்சும் அப்படித்தான். பேஸில் இருக்க வேண்டிய சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டில் கரண்ட் நிற்கும்.

மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளதும் வாரியத்தின் சொத்து. சீல் பக்கம் உன் கை போகக் கூடாது.

3. இன்வெர்ட்டர் எங்கே என்று கேள்.

2012-ல் நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று கரண்ட் போனபோது கையில் நாலு காசு உள்ளவர்கள் எல்லோரும் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். மாடிப்படிக்குக் கீழே, காமரா உள்ளில், எங்காவது பாட்டரி உட்கார்ந்திருக்கும். நீ மெயினை ஆஃப் செய்த அடுத்த நொடி அது விழித்துக்கொள்ளும். அணைப்பதோடு நிறுத்தாதே, அதிலிருந்து வீட்டுக்குப் போகிற லைனையும் கழற்று.

மூன்று பேஸ் வீடு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. லோ வோல்டேஜ் ராத்திரிகளில் ஃபியூஸ் கேரியரை இந்த பேஸிலிருந்து பிடுங்கி அந்த பேஸில் சொருகுகிற பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. பக்கத்துப் பக்கத்து போர்டில் இரண்டு வேறு பேஸ் இருக்கலாம். ஒரு கை இதில், ஒரு கை அதில் என்றால் 230 இல்லை, 400-க்குப் பக்கம்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா அடித்துப் போனபின் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. இரண்டு முனையிலும் டாப் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைக் கூடத்து பிளக் பாயிண்டில் சொருகி வீட்டையே எரியவைத்த ஒருவரை நேரில் பார்த்தேன். வெளியே கம்பத்தில் லைன்மேன்கள் ஏறி நிற்கிறார்கள். மெயினை ஆஃப் செய்திருக்கிறாரா என்றால், "செய்யணுமா?" என்றார். அந்த மாதிரி ஒயர் எந்த வீட்டில் தொங்கினாலும் கேட்காமலே வெட்டிவிடு. சண்டைக்கு வந்தால் என் பேரைச் சொல்.

4. டெஸ்டர் ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

உன் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிற துளிக் கரண்டில்தான் அது மினுக்குகிறது. மர ஸ்டூலில் ஏறி நின்றால் மங்கும். முற்றத்து வெயிலில் எரிவதே தெரியாது. எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று ஆகாது. முதலில் எரிகிற இடம் ஒன்றில் வைத்துப் பார். பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் வை. மறுபடி எரிகிற இடத்தில் வைத்து டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார். அதற்குப் பிறகு, ஒயர் முனைகளை நன்றாக மூடிய ஒரு டெஸ்ட் பல்பால் இரண்டு துளைக்கும் நடுவில் ஒரு தடவை. இத்தனைக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம்.

கூட ஒரு ஆள் இருக்கட்டும். உன்னை ஷாக் பிடித்தால் உன்னைத் தொடக் கூடாது, மெயினை அணைக்க வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும், 108-க்குப் போன் போட வேண்டும். இதை அந்த ஆளுக்கு முதலிலேயே சொல்லி வை. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் இதயத்தைப் பார்த்துவிட்டு வா.

5. கழற்றும்போது மெல்ல.

நம் ஊர்க் கோவிலில் சுவாமிக்கு மதுவனேசுவரர் என்று பேர். தேவர்கள் தேனீயாக வந்து கும்பிட்ட இடம் என்பார்கள். பிளக் பாயிண்டைக் கும்பிட வருவது குளவி. எர்த்துத் துளை அதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. வாய்க்கால் சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து பூசி அடைத்துவிடும். வீட்டில் யாராவது ஹேர்பின்னால் குத்தி எடுக்கப் பார்ப்பார்கள். கார்த்திகை ஈரத்தில் அந்த மண் கரண்டைக் கசியவிடும். போர்டைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று, ஒரு தடவை உலர்ந்துபோன சின்னப் பாம்புக்குட்டி. ஊதாதே, கண்ணில் விழும். பெயிண்ட் பிரஷால் தட்டி எடு.

போர்டை வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. உள்ளே மிச்ச நீளம் விட்டிருக்க மாட்டார்கள்.

6. ஒயரை அடையாளம் காண்.

தேக்குச் சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓடுவது ரப்பர் உறை போட்ட ஒயர். மூடி போட்ட மரக் கேசிங்குக்குள் ஓடுவது அதைவிடப் பழசு, ரப்பர்மேல் நூல் பின்னல் சுற்றியது. ரப்பர் அப்படியே இருக்கிறவரை ஒழுங்காக இருப்பது போலத் தெரியும். விரலால் வளைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கி விழும்.

உரித்தால் உள்ளே கம்பி வெள்ளையாக இருக்கும். பையன்கள் எல்லோரும் இங்கே ஏமாறுவார்கள்: "அலுமினியம் சார்." பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார். வெள்ளைக்கு அடியில் சிவப்பு தெரிந்தால் அது செம்பு. ரப்பரில் உள்ள கந்தகம் செம்பைத் தின்னாமல் இருக்க வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பார். சுரண்டச் சுரண்ட வெள்ளையே வந்தால் அலுமினியம். அறுபது எழுபதுகளில் செம்புக்குத் தட்டுப்பாடு இருந்தபோது போட்டது. அலுமினியம் திருகுக்கு அடியில் நசுங்கிக் கொடுக்கும், நாளடைவில் இளகும், இளகினால் சுடும். அதையும் புதுச் செம்பு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினால் நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது. இரண்டையும் தனித்தனித் திருகில் பிடிக்கிற, அலுமினியத்துக்கும் ஆகும் என்று போட்ட கனெக்டர் வாங்கு.

ரப்பர் நொறுங்குகிற ஒயரென்றால் புது சாக்கெட்டை அதில் மாட்டாதே. ஜங்ஷன் பாக்ஸ் வரைக்குமாவது ஒயரை மாற்று. ஸ்லீவ் போட்டு மூடுவது அன்றைக்கு ராத்திரியை ஓட்டத்தான்.

7. நேரே நின்று பார்த்தால் மேலே எர்த்து, வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். நீ ஒயர் கொடுப்பது பின்பக்கம். அங்கே வலது இடது மாறும். திருகுக்குப் பக்கத்தில் பொறித்த எழுத்தைப் பார்த்துக் கொடு. கலரை நம்பாதே, பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும் அன்றைக்குக் கையில் கிடைத்த ஒயரைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உரிக்காதே, இழை வெட்டுப்படக் கூடாது. முறுக்கி, மடித்து, திருகி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்துப் பார். சாக்கெட்டில் ஐஎஸ் 1293 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். துளைக்குள் ஷட்டர் இருப்பதாகப் பார்த்து வாங்கு, பேனாவை விட்டுப் பார்க்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு.

8. எர்த்து.

இதைத்தான் நிறையப் பேச வேண்டும். மூன்று துளை சாக்கெட் வாங்கி மாட்டிவிட்டு மேல் துளையைச் சும்மா விடுவது ஒரு வகை ஏமாற்று. வீட்டுக்காரி மூன்று துளையைப் பார்த்துப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு ஈரக் கையோடு கிரைண்டரில் மாவு தள்ளுவாள். அதைவிட மோசம், சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன லூப் கொடுப்பது. டெஸ்ட் பல்பு வைத்தால் நன்றாக எரியும், பார்க்கிறவனுக்குத் திருப்தி. என்றைக்கு நியூட்ரல் எங்காவது அறுகிறதோ, அன்றைக்கு கிரைண்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். குழாய்த் தண்ணீர்ப் பைப்பில் எர்த்துக் கட்டியவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. இப்போது பாதிப் பைப் பிவிசி.

எர்த்துப் பின் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? சொருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். தடிமனாக இருப்பதால் பேஸ் துளையில் நுழையாது. அதை அறுத்தவனிடம் இதைச் சொன்னால் ஒழிய அவனுக்குத் தெரியாது.

கொல்லையில் குழி எடுக்கச் சொல். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். நம் களிமண் ஐப்பசியில் அருமையான எர்த்து. பங்குனி, சித்திரையில் வெடித்துப் பைப்பை விட்டு விலகி நிற்கும். அதனால் மழைக்காலத்தில் அளந்துவிட்டுச் சந்தோஷப்படாதே, சித்திரையில் அள. நூறு வாட்ஸ் பல்பு எரிகிறதே என்பது அளவல்ல. எர்த்து ஐம்பது ஓம் இருந்தாலும் அந்த பல்பு கிட்டத்தட்ட முழுசாகத்தான் எரியும். ஆனால் கிரைண்டரில் பேஸ் உடம்பில் பட்டால் 230-ஐ ஐம்பதால் வகுத்து நாலரை ஆம்பியர்தான் ஓடும். பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

அதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். எர்த்து இல்லாத பழைய லைனிலும் வேலை செய்யும். ஈரக் கையும் ஈரக் காலுமாக உடம்பு ஓராயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் ஓடும். முப்பதைத் தாண்டினாலே நெஞ்சுக்கு ஆபத்து. பழைய வீட்டில் மாட்டிய அன்றே அது விழும். மாட்டினவனைத் திட்டுவார்கள். எங்கேயோ ஓதமேறிய சுவரில் கரண்ட் கசிகிறது என்று அது சொல்கிறது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிக் கசிகிற இடத்தைத் தேடு. பைபாஸ் கொடுத்துவிட்டு வந்தாயானால் என்னிடம் வராதே.

9. சாக்கெட்டைக் கீழே இறக்காதே. இப்போது தரையிலிருந்து ஒரு அடியில் வைப்பதுதான் அழகு என்று படம் காட்டுவார்கள். ஆற்றுத் தண்ணீர் ரேழி வரை வந்து பார்த்த வீடுகள் இவை. ரேடியோ இருந்த உயரமே நல்ல உயரம். சுவரைக் குடைந்து பெட்டி புதைக்க வேண்டாம். களிமண் சாந்தில் கட்டிய சின்னச் செங்கல் சுவர், உளி வைத்தால் முறமளவு பெயரும். வெளியில் மாட்டுகிற பிவிசி பெட்டி போதும். சுண்ணாம்புக் காரையில் பிளாஸ்டிக் பிளக் நிற்காமல் சுற்றினால் பழையபடி மரக்கட்டை அடித்துத் திருகு. காலம்? சம்பா அறுத்து, வீட்டில் காசும் சுவரில் காய்ச்சலும் இருக்கிற மாசி மாதம்.

10. மாட்டியதும் கிளம்பாதே. இஸ்திரிப் பெட்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துப் பிடுங்கி, டாப்பின் பின்னைத் தொட்டுப் பார். சுட்டால் திருகு இளக்கம். ஒரு வாரம் கழித்துப் போய் மறுபடி இறுக்கு.

11. போர்டின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வை. தேதி, எந்த ஃபியூஸில் வருகிறது, ஒயர் அளவு, எர்த்து உண்டா.

என் குரு பழக்கிய பழக்கம். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் அடுக்களை போர்டைத் திறந்தேன். பலகையின் பின்னால் என் கையெழுத்து: "12-8-87. எர்த்து இல்லை. அடுத்த மாசம்." அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. எனக்கு அதற்கப்புறம் அந்த வீட்டு ஞாபகமே இல்லை. முப்பது வருஷமாக அதில் கிரைண்டர் ஓடியிருக்கிறது. அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மழை நாள்ல தொட்டா கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான் தம்பி" என்றார்கள். எனக்கு அப்போது அறுபது வயது, இன்னும் தம்பிதான். அன்றைக்கு மத்தியானமே கொல்லையில் குழி வெட்ட ஆள் வைத்தேன், கூலி வாங்கவில்லை. அவர்களுக்குக் காரணம் புரியவில்லை.

12. கழற்றிய பழைய சாக்கெட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வா. உள்ளே இருப்பது நல்ல கெட்டிப் பித்தளை. பீங்கான் உடையாமல் இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்கே போகும். அது தெரிந்துதான் சில பேர், "குப்பைதானே, நானே போட்டுடறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.